பதினொரு ஒன்றுகளும் நாகமணியும்

இஞ்சின் எண்ணைப் பார்க்காமல் நாகமணி ரயிலில் ஏறுவதில்லை. வெள்ளவத்தை ஸ்டேசனில் காலை வண்டி வந்து நின்றதும் மற்றவர்கள் இடம் பிடிக்க முண்டியடிப்பார்கள். இவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு, இஞ்சினை நோக்கி ஓடுவார். எண்ணைப் பார்த்த கையோடு திரும்பி ஓடி வந்து, கார்ட் கொடி காட்டுகிற சமயத்தில், கிடைத்த பெட்டியில் தொற்றிக்கொள்வார். ஐம்பத்து நான்கு வயது மனிதர் இப்படி ஓடுவதைப் பார்த்து ஸ்டேசன் சிப்பந்திகள் முன்பெல்லாம் சிரித்தார்கள். இப்போது வழிவிட்டு நிற்கிறார்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்குப் போய்ச் சேரும்வரை அவருக்கு நின்றுகொண்டுதான் பிரயாணம்.

"ஐசே, இண்டைக்கு இருநூற்றிப் பதினொண்டு. தனியன்," என்பார் அதே வண்டியில் போகிற என்னிடம், பத்திரிகையில் வந்த செய்தியைச் சொல்வதுபோல.

தனியன் என்பது அவர் வைத்த பெயர். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண். பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் இதற்குக் கௌரவமான பெயர் உண்டு. நாகமணி அதை மதிப்பதில்லை. மற்ற எண்களை அவர் தரம் பார்க்கும் முறை இது: ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய, அதைவிடச் சிறிய எண்களை, அதாவது வகுத்திகளை, எல்லாம் கூட்ட வேண்டும். "பத்தை எடுங்கோ. ஒண்டு, ரெண்டு, அஞ்சு. கூட்டினா எட்டு. தன்ரை அளவுக்கும் வரேல்லை. கஞ்சன். பன்ரண்டைப் பாருங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, ஆறு. பதினாறு! இருக்கிறதைவிடக் கூடக் குடுக்கிறான். கொடையாளி." இருபத்தெட்டு என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அதன் வகுத்திகளைக் கூட்டினால் கூடாமல் குறையாமல் இருபத்தெட்டேதான் வரும். அது நிறைவாளி. அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் மிகச் சிலர்தானாம்.

நான் காலி வீதியில் குடியிருந்த வீட்டுக்கு இலக்கம் 220. அதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "284ஆம் இலக்கத்திலை ஆர் இருக்கினம்? போய் விசாரியுங்கோ. உங்கடை சம்பந்தியள்." 220இன் வகுத்திகளைக் கூட்டினால் 284 வருமாம், 284இன் வகுத்திகளைக் கூட்டினால் 220 வருமாம். போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சலவைக்கடை இருந்தது. சட்டைகளை அங்கேயே சலவைக்குப் போடத் தொடங்கினேன். சம்பந்தி என் ஒரே அல்பாக்காக் கம்பளிக் கோட்டைச் சுருக்கிக் கொடுத்துவிட்டான். நாகமணியிடம் முறையிட்டபோது, எண்ணில் பிழை இல்லை என்று மட்டும் சொன்னார்.

குதிரைப் பந்தயக்காரர்கள் அவரைப் பெரிய சோதிடர் என்று நம்பி, சனிக்கிழமைகளில் கோட்டை ஸ்டேசன் வாசலில் மறிப்பதுண்டு. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்து பார்க்கலாம். "எண்ணுக்கு அதிட்டம் எண்டு ஒண்டும் கிடையாது. குணம்தான் இருக்கு. குணத்தை வைச்சு என்னெண்டு குதிரை ஓடும்?" என்று குடையை ஆட்டுவார். வந்தவர்கள் குடை எத்தனை தரம் ஆடியது என்று எண்ணிக்கொண்டு போய், அந்த இலக்கத்துக் குதிரையில் கட்டுவார்கள் என்று கேள்வி.

தொழிலும் எண்தான். நான் வேலை செய்யும் மாதச் சஞ்சிகை அச்சாகும் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் அவர் இருபத்தாறு வருடமாக இலக்கம் சரிபார்ப்பவர். படக்கொட்டகை டிக்கெட், பற்றுச்சீட்டு, யுத்தம் வந்தபின் பங்கீட்டுக் கூப்பன் என்று இலக்கம் போட்டு அடிக்கிற எதுவும் அவர் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். இலக்கம் குத்துகிற மெசினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மை இறுகினால் சக்கரம் சுழலாமல் நின்று, ஒரே இலக்கத்தை இரண்டு தாளில் குத்திவிடும். ஒரு கட்டின் தாள்களை எண்ணிப் பார்த்தால் தொகை சரியாக இருக்கும். ஆனால் ஓர் இலக்கம் இரண்டு தரம் வந்திருக்கும், ஓர் இலக்கம் வந்தே இருக்காது. அந்தக் கள்ளனைப் பிடிக்கத்தான் நாகமணிக்குச் சம்பளம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "தொகை சரி எண்டு என்னட்டை வராதேயுங்கோ. தொகை சரியாய்த்தான் இருக்கும்," என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அவர் பார்த்து விட்ட கட்டு ஒன்றேனும் திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமையை அவர் மறைப்பதும் இல்லை.

வீட்டில் மனைவி சிவக்கொழுந்து. பிள்ளைகள் இல்லை. பின்னேரம் ஏழு மணியானால் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, விளக்கை நடுவில் வைத்து, அந்த அம்மாள் விலகிக்கொள்வார். "மற்ற ஆம்பிளையள் குடிக்கினம். இவர் வகுக்கிறார். எனக்கென்ன குறை?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். கேலியா, நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வகுத்தது ஒரே எண்ணைத்தான். யுத்தம் தொடங்கிய வருடத்திலிருந்து ஏழு வருடமாக.

பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண் அது. 11111111111. ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அச்சகத்து மெசின் ஒன்றில் எல்லாச் சக்கரங்களும் 1இல் வந்து நின்றதைக் கண்ட நாள்முதல் அவருக்கு அந்தப் பைத்தியம். இரண்டு ஒன்று பதினொன்று, தனியன். மூன்று ஒன்று, மூன்றால் வகுபடும். ஏழு ஒன்றைக்கூட 239 உடைத்துவிடும். பதினொரு ஒன்று மட்டும் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. "உது தனியன்தான் ஐசே. முகத்திலேயே தெரியுது," என்பார். முகத்தில் தெரிந்தால் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். வகுத்துக் காட்ட வேண்டும்.

மருதானைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலக் கணிதப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தார். அதிலிருந்து ஒரு குறுக்கு வழி கிடைத்தது. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிற எண் ஏதும் இருந்தால், அது இருபத்திரண்டின் ஏதாவது ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும். ஆகவே 23, 45, 67, 89 என்று இருபத்திரண்டு இருபத்திரண்டாகத் தாண்டிப் போனால் போதும். 1,05,403 வரை போய் ஒன்றும் அகப்படாவிட்டால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. பெரிய வகுத்திக்குச் சோடியாகச் சிறியது ஒன்று அதற்குள் இருந்தே தீரும். மொத்தம் நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொரு எண்கள்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வேலைமுறை அச்சகக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. வெட்டு மெசின் கழித்துப் போடுகிற வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி, மதிய இடைவேளையில் கை மெசினை எடுத்து, துண்டுக்கு ஓர் எண்ணாக மூலையில் குத்துவார். இருபத்திரண்டு தாண்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தரமும் சக்கரங்களைக் கையால் திருப்ப வேண்டும். குத்தியதும் பட்டியலில் சரி அடையாளம். பின்னேரம் வீட்டில் அந்தத் துண்டிலேயே கணக்கு. மூன்றாலோ ஐந்தாலோ ஏழாலோ வகுபடுகிற எண் என்றால் பார்த்த மாத்திரத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு. ஏனென்றால் மூன்றும் ஐந்தும் ஏழும் அந்தப் பெரிய எண்ணைத் தொடமாட்டா. மற்றவற்றுக்கு நீண்ட வகுத்தல். ஒரு பின்னேரம் வகுப்பார், மறு பின்னேரம் பெருக்கிச் சரிபார்ப்பார். நாற்பத்திரண்டாம் வருடம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்கும் வகுத்தார்.

இந்த வருடம் மே மாதத்தில் கடைசித் துண்டு முடிந்தது. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பதினொரு ஒன்று தனியன்தான் என்று பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. சுவையான முயற்சி, முழுச் செய்கையையும் அனுப்பி வைக்கவும். அந்தக் கடிதத்தை நான் மட்டும் ஐந்து தரம் பார்த்திருக்கிறேன். காட்டும்போது கையில் தரமாட்டார், தானே பிடித்துக்கொண்டு நிற்பார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய இலக்கத்தைச் சரிபார்த்த மனிதருக்கு, தன்னுடைய இலக்கத்தைப் பார்க்க ஒருவர் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை. அப்போது அவரைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்குமுன் பதிவுத் தபாலில் சேர்ப்பது என்று ஏற்பாடு. துண்டுகளை ஐந்நூறு ஐந்நூறாகப் பத்துப் புத்தகமாகத் தைப்பதற்குப் பழனியம்மாவிடம் கொடுத்திருந்தார். பழனியம்மா ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து வந்து, டிக்கெட் புத்தகம் தைத்துக் கொடுக்கிறவள். எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். தைக்குமுன் கட்டின் மூலையைப் பெருவிரலால் வளைத்து ஒரே ஓட்டாக ஓட்டுவாள். கடைசி இலக்கங்கள் அவள் கண்முன் ஓடும். நான் சஞ்சிகையின் புரூபுகளோடு எதிர் மேசையில் இருந்தேன். மெசின்காரர் கிளெமென்ற் சாப்பிட்டுவிட்டு வந்து பல் குத்திக்கொண்டு நின்றார். மணி இரண்டு இருக்கும். மற்ற ஒன்பது புத்தகங்களும் தைத்தாகிவிட்டன. நூல் தீர்ந்ததால் நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது கட்டுத்தான் பாக்கி.

"சாமி, இங்க ஒண்ணு ஒதைக்குதே," என்றாள் பழனியம்மா.

"என்ன உதைக்குது?"

"கடேசி நம்பரு மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது, ஒண்ணுன்னு சுத்திச் சுத்தித்தானே வருது? இந்த எடத்துல ஏழுக்கப்புறம் மறுபடி ஏழு வருது. அப்புறம் ஒண்ணு. நடுவுல ஒம்பதக் காணோம்."

நாகமணி சிரித்தார். "அப்பிடி வராது பழனியம்மா. நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொண்டு. மூண்டு தரம் எண்ணினனான்."

"தொகை சரியாத்தான் சாமி இருக்கும். ஒரே நம்பரு ரெண்டு இருந்தா தொகை எப்பிடிக் கொறையும்?"

இருபத்தாறு வருடமாக அவர் அடுத்தவர்களுக்குச் சொல்லிவந்ததை, அவருக்கே திருப்பிச் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. கிளெமென்ற் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். நாகமணி எழுந்து போய்க் கட்டை வாங்கிப் பார்த்தார். 21627. அடுத்ததும் 21627. இரண்டிலும் சிவப்புக் குறுக்குக் கோடு. அதற்கடுத்தது 21671. இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு வருகிற எண் 21627. மூன்றால் வகுபடும் என்று பார்த்ததும் தெரியும். அதனால் இரண்டு வெவ்வேறு நாளில் இரண்டு துண்டையும் ஒரு கோட்டோடு தாண்டிப் போயிருக்கிறார். ஏதோ ஒரு மதியம் சக்கரத்தைத் திருப்ப மறந்து, பழைய எண்ணையே மறுபடி குத்தி, பட்டியலில் மட்டும் 21649க்குச் சரி போட்டிருக்கிறார். மை இறுகிய மெசின் செய்கிற அதே வேலை.

21649 என்ற எண்ணை அவர் வகுத்துப் பார்க்கவேயில்லை.

"ஒரு துண்டுதானே அண்ணே," என்றார் கிளெமென்ற். "இத்தனை ஆயிரத்துல ஒண்ணும் உடைக்கல்ல, இது மட்டும் உடைக்கவா போகுது? நம்பரைக் குத்தி, ஏதாச்சும் மீதியப் போட்டுச் சொருகி விடுங்க. புரொபசர் நாலாயிரத்தையுமா உக்காந்து பாக்கப் போறார்? நாலு மணிக்குத் தபால் கந்தோர் பூட்டிருவான்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த ஒரு துண்டில் மீதி வந்தால் ஏழு வருடம் நிற்கும். வராவிட்டால் எல்லாம் போகும். பார்க்காமல் விட்டால் எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. நாகமணி கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். கை மெசினை எடுத்தார், சக்கரங்களைத் திருப்பினார், ஒரு வெள்ளைத் துண்டில் 21649 என்று குத்தினார். பிறகு உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினார்.

வகுக்கும்போது அவர் முணுமுணுப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "அஞ்சு தரம்... மிச்சம் ரெண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு. ஒண்டை இறக்கு. ஒரு தரம்... ஒண்டை இறக்கு. மூண்டு... ரெண்டு... மூண்டு..." ஒவ்வொரு தரமும் மேலேயிருந்து ஒரு ஒன்று இறங்கி வந்தது. கடைசி ஒன்றும் இறங்கியபோது துண்டின் அடியில் 194841 என்று நின்றது. அவர் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஓரத்தில் 21649ஐ ஒன்பதால் பெருக்கினார். வந்த விடையைக் கொண்டுவந்து கீழே எழுதினார். 194841. மேலும் கீழும் ஒரே எண்.

அதன் கீழே கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. பழனியம்மா எழுந்து நின்றுவிட்டாள். "நா ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா சாமி?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நீ சொன்னது சரி. பிழை என்ரை."

பிறகு, ஆச்சரியம் என்னவென்றால், விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்க்கத் தொடங்கினார். "வந்த ஈவு 513239. இதை உடைக்க ஏதும் இருந்தா எழுநூற்றிப் பதினாறுக்குள்ளை இருக்கவேணும். இதை உடைக்கிறது பெரிசையும் உடைக்கும். அதெல்லாம் முதல் முப்பத்திரண்டு துண்டிலேயே பாத்திட்டன், ஒண்டும் உடைக்கேல்லை. அப்ப உதுவும் தனியன், அதே கணக்கிலை 21649உம் தனியன். ஐசே, பதினொரு ஒண்டு தனியன் இல்லை. ரெண்டு தனியன்கள் சேர்ந்து நிக்கினம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"அப்ப செஞ்ச வேலை வீண் போகல்லத்தானே?" என்றார் கிளெமென்ற், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று.

"தொளாயிரத்து எண்பத்து நாலாவது துண்டு வரைக்கும் வீண் போகேல்லை. ரெண்டு புத்தகம். அதோடை விடை வந்திட்டுது. அங்காலை தேடினதெல்லாம் தேவையில்லாதது." முதல் இரண்டு புத்தகங்கள் ஏறக்குறைய ஒன்றரை வருட வேலை. மற்ற எட்டும் ஐந்தரை வருடம். இதை அவர் சொல்லவில்லை. நான் மனதில் கழித்துப் பார்த்தேன்.

இரட்டையாக இருந்த 21627இல் ஒன்றை உருவி எடுத்து, அந்த இடத்தில் புதிய துண்டை வைத்து, பழனியம்மாவிடம் நீட்டினார். அவள் தைத்தாள். பேராசிரியருக்கு அவர் எழுதி வைத்திருந்த நான்கு பக்கக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு தாளில் மூன்று வரி எழுதினார். எனது முன்னைய கூற்றுப் பிழை. அந்த எண் 21649ஐயும் 513239ஐயும் பெருக்கி வருவது. பிழையைக் கண்டவர் இவ்வச்சகத்தில் புத்தகம் தைக்கும் பழனியம்மா. முதல் இரண்டு புத்தகங்களையும் அதோடு சேர்த்துக் கட்டி மேல்விலாசம் எழுதினார். மணி மூன்றரை. கிளெமென்ற் தானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிப் பார்சலை வாங்கிக்கொண்டார். ஆனால் போகாமல் நின்றார்.

எட்டுப் புத்தகங்கள் மேசையில் கிடந்தன. நாகமணி அவற்றை அடுக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வெட்டு மெசினுக்குப் பக்கத்திலிருக்கும் கழிவுத் தாள் பெட்டியடிக்குப் போனார்.

"வீட்டுக்காவது கொண்டு போங்களேன் அண்ணே," என்றார் கிளெமென்ற்.

"தேவையில்லாத தாளை வீட்டிலை வைச்சு என்ன செய்யிறது?"

பெட்டியின் பலகை விளிம்பில் புத்தகங்களை வைத்தார். மூன்றாவது புத்தகத்தைக் கையில் எடுத்தார். போடவில்லை. மூலையைப் பெருவிரலால் வளைத்து, பழனியம்மா ஓட்டியதுபோலவே, ஆனால் அவளைவிட மெதுவாக, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை ஓட்டிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் போட்டார். நாலாவதை எடுத்தார்; ஓட்டினார்; போட்டார். ஏழாவது புத்தகத்தின் நடுவில் விரல் நின்றது. இரண்டு துண்டு பின்னால் போய், கண்ணாடியை உயர்த்தி உற்றுப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறது என்று கண்டு, மிச்சத்தையும் கடைசிவரை ஓட்டி முடித்தபின்தான் அதையும் பெட்டிக்குள் போட்டார்.